மார்பெலும்புக்குப் பின்னால்

புதன்கிழமை காலை. கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறுகிறது பஸ். வளைவுக்கு வளைவு ஹாரன். ஜன்னலோரம் ஒரு பெண். மடியில் பிறந்து இருபது நாள் ஆன பையன். நைந்த வாயில் சேலைத் துண்டில் சுற்றியிருக்கிறான். முகம் மட்டும் வெளியே. கன்னத்தில் திருஷ்டி மை.

பக்கத்தில் ஆயா. அந்தப் பெண்ணின் அம்மாவைப் பெற்றவள். புருஷனைப் பெற்றவளும் அவளே. கம்பியைப் பிடித்த கை உயர்ந்திருக்கிறது. ரவிக்கைக்குக் கீழே இரண்டு வட்டத் தழும்புகள். அந்தக் காலத்து அம்மைக் குத்து.

கீழே கோமுகி அணை தாம்பாளத் தண்ணீராகச் சுருங்குகிறது.

ஒரு வளைவுக்கு மேலே பாறை. பாறையில் ஒரு பையன். செல்லைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கிறான். ஒரு கோடு வருகிறது. இரண்டு. பிறகு ஒன்றுமில்லை. கையை இடது பக்கம் திருப்புகிறான். பஸ் கடந்துபோகிறது.

வெள்ளிமலை போகும் வழியில் ஒரு துணை சுகாதார நிலையம். இரண்டு அறை, ஒரு திண்ணை. எதிரே குழாயடி. தண்ணீர் இன்னும் வரவில்லை. குடங்கள் வந்துவிட்டன. பச்சை, நீலம், ஆரஞ்சு, நடுவில் நசுங்கிய எவர்சில்வர் ஒன்று. ஆட்களைக் காணோம். வரிசையில் குடங்கள் மட்டும் நிற்கின்றன.

நர்சம்மா தடுப்பூசிப் பெட்டியைத் திறக்கிறாள். நான்கு பக்கமும் ஐஸ் பேக். நடுவே பிளாஸ்டிக் உறையில் குப்பிகள். செல்லை எடுக்கிறாள். யூ-வின் செயலியில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. செல்லை மேசை மேல் கவிழ்த்து வைக்கிறாள். நோட்டை விரிக்கிறாள்.

“சொந்தத்துலயா?”

“மாமாதான்.”

“மூத்தது?”

அந்தப் பெண் குழந்தையின் துணியைச் சரி செய்கிறாள். ஆயா சொல்கிறாள்.

“பையன். தங்கல.”

“எத்தன மாசம்?”

“நாலு. சளி. வயித்தால போயிட்டே இருந்துச்சு. வாயெல்லாம் வெள்ள வெள்ளையா படிஞ்சு, பால் குடிக்க மாட்டேனுட்டான்.”

நர்சம்மா தலையாட்டுகிறாள். தாய் சேய் அட்டையில் எழுதுகிறாள். பி2, எல்1. பெற்றது இரண்டு, இருப்பது ஒன்று. பேனாவை மூடுகிறாள்.

“காய்ச்சல் கீய்ச்சல் இருக்கா இப்ப?”

“இல்ல.”

துணி விலகுகிறது. சின்ன நெஞ்சு ஏறி இறங்குகிறது. நடுவே விரல் அகலத்துக்கு ஒரு தட்டை எலும்பு. அதற்குப் பின்னால், இதயத்தின் மேல் கவிழ்ந்தபடி, இரண்டு மடல்கள். தைமஸ். பிறந்த குழந்தையில் 10 முதல் 15 கிராம். பருவம் எட்டும்போது 30, 40 கிராம். அப்புறம் இறங்குமுகம்.

1961 வரை அது எதற்கென்று யாருக்கும் தெரியாது. வேலையற்ற உறுப்பு, செல்களின் இடுகாடு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பெரிய தைமஸ் மூச்சை அடைக்கும் என்று பயந்து, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மேல்நாட்டு டாக்டர்கள் கைக்குழந்தைகளின் நெஞ்சில் எக்ஸ்ரே பாய்ச்சுகிறார்கள். அவர்கள் அறுத்துப் பார்த்துப் பழகியவை பெரும்பாலும் ஏழைகளின் உடல்கள். பட்டினியிலும் நோயிலும் வற்றிய தைமஸ்கள். வற்றியது சரியான அளவாகிவிடுகிறது. சரியாக இருப்பது வீக்கமாகிவிடுகிறது.

1961-இல் லண்டனில் ஜாக் மில்லர் பிறந்த எலிக்குட்டிகளின் தைமஸை எடுத்துவிடுகிறார். குட்டிகள் முதலில் நன்றாகத்தான் இருக்கின்றன. சில வாரத்தில் மெலிகின்றன. வயிற்றுப்போக்கு. வந்த கிருமியெல்லாம் தங்குகிறது. வேறு எலியின் தோலை ஒட்டினால் உடம்பு மறுப்பதில்லை. ஒட்டிய தோலில் அயல் நிற முடி முளைக்கிறது.

டி செல்லின் ‘டி’ தைமஸிலிருந்து வருகிறது.

எலும்பு மஜ்ஜையில் பிறந்த செல் ரத்தத்தோடு வந்து இங்கே இறங்குகிறது. தோளில் பட்டை ஏதும் இல்லை. சிடி4 இல்லை, சிடி8 இல்லை. அடுத்து என்ன ஆவதென்ற உத்தரவும் இல்லை. சுவரோடு சுவராக நிற்கும் தைமஸின் எபிதீலிய செல்கள் ஒரு சிறு புரதத்தைக் கசியவிடுகின்றன. இன்டர்லூகின் 7. அளவு மிகக் கொஞ்சம். வந்திறங்கிய செல்லால் அதைத் தானே செய்துகொள்ள முடியாது. தன் மேல்தோலில் ஏற்பியை நீட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கத்தான் முடியும்.

ஏற்பிக்கு இரண்டு கால்கள். ஒன்று ஆல்ஃபா, மற்றது காமா. ஆல்ஃபாவின் அடியில் ஜாக் 1 என்ற நொதி உட்கார்ந்திருக்கிறது. காமாவின் அடியில் ஜாக் 3. இன்டர்லூகின் 7 வந்து பட்டதும் கால்கள் நெருங்குகின்றன. இரண்டு ஜாக்குகளும் ஒன்றையொன்று தட்டி எழுப்புகின்றன. ஸ்டாட் 5 என்ற தூதுவன் அங்கே வந்து பாஸ்பேட் முத்திரை வாங்கிக்கொண்டு, ஜோடி சேர்ந்து, செல்லின் உட்கருவுக்குள் நுழைகிறான். அங்கே சில ஜீன்கள் விழிக்கின்றன. அவற்றில் ஒன்று பிசிஎல் 2.

ஜாக் குடும்பத்துக்கு முதலில் வைத்த பெயரின் பொருள், ‘இதுவும் ஒரு கைனேஸ்’. கிடைத்தது கிடைத்தபடி வைத்த பெயர். பிறகு முன்னும் பின்னும் முகம் கொண்ட ரோமானிய வாசல் தெய்வத்தின் பெயரைச் சொல்லி மரியாதை செய்துவிட்டார்கள்.

பிசிஎல் 2-இன் வேலை ஒன்றே. செல் தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளாமல் பிடித்து வைப்பது. 1997-இல், இன்டர்லூகின் 7-க்கு ஏற்பியே இல்லாத எலிகளில் பிசிஎல் 2-ஐ மட்டும் வலுக்கட்டாயமாக ஓட விடுகிறார்கள். ஏற்பி இல்லை. சிக்னல் இல்லை. ஆனாலும் டி செல்கள் கணிசமாகத் திரும்பி வருகின்றன. சிக்னல் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்த சேதி பெரும்பாலும் ஒரே சொல். இரு.

குழாய் இருமுகிறது. காற்று. பிறகு நூலாகத் தண்ணீர். எங்கிருந்தோ பெண்கள் வருகிறார்கள். முதல் குடம் குழாய்க்கடியில் போகிறது. நிரம்ப நேரமாகிறது. நிரம்பிய குடத்தை ஒருத்தி எடுக்காமல் பேசிக்கொண்டே நிற்கிறாள். தண்ணீர் வழிகிறது. பின்னால் ஒரு குடம் முன்குடத்தை ‘டங்’கென்று இடிக்கிறது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. குடம் நகர்கிறது.

தைமஸிலும் ஒரு கட்டத்தில் நகர வேண்டியிருக்கிறது. செல் வளர்கிறது, பெருகுகிறது. டி செல் ஏற்பியைத் தைத்துக்கொள்கிறது. சிடி4, சிடி8 இரண்டு பட்டைகளையும் ஒருசேர அணிகிறது. அந்த நாளில் இன்டர்லூகின் 7-க்கான ஏற்பியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கூட்டத்தில் பத்துக்கு எட்டு இந்த வகை. அத்தனையும் ஏற்பியை நீட்டிக்கொண்டே நின்றால் என்ன ஆகும் என்று 2004-இல் எலியில் பார்த்திருக்கிறார்கள். ஏற்பியை அணைக்க விடாமல் செய்கிறார்கள். பெரிய கூட்டம் இருந்த இன்டர்லூகின் 7-ஐக் குடித்துவிடுகிறது. பின்னால் வந்திறங்கிய பட்டையில்லாச் சிறுசுகளுக்கு மிச்சமில்லை. தைமஸ் சிறுக்கிறது.

ஏற்பியை அணைத்த செல்லுக்கு ஆயுள் மூன்று நான்கு நாள். அதற்குள் அது தைத்துக்கொண்ட ஏற்பி, உடம்பின் சொந்தப் புரதத் துணுக்கை மெல்லத் தொட்டுப் பார்க்க வேண்டும். தொடவே முடியாதவை கேட்பாரற்றுச் சாகின்றன. இறுக்கிப் பிடிப்பவையும் சாகடிக்கப்படுகின்றன. நூற்றில் 95-க்கு மேல் வெளியே போவதில்லை.

நர்சம்மா ஊதா மூடி போட்ட பால்பாயிண்ட் பேனாவை எடுக்கிறாள். பழுப்புக் குப்பியை உடைத்து உப்புநீர் விடுகிறாள். லேசாக ஆட்டுகிறாள். குப்பியின் மேல் நேரத்தை எழுதுகிறாள். 10.10. பத்து குழந்தைக்கான மருந்து. திண்ணையில் மூன்று குழந்தைகள். நான்கு மணி நேரத்துக்குள் தீராவிட்டால் கீழே.

பிசிஜி. உயிருள்ள கிருமி, பல்லுப் பிடுங்கியது. 1921-இல் பாரிசில் முதல் குழந்தைக்குக் கொடுத்தது. 1948 முதல் கிண்டியில் இதற்கென்றே ஓர் ஆய்வுக்கூடம். காசநோய் மூளைக்கு ஏறாமல் குழந்தையைக் காக்கிற ஊசி.

இடது கை மேல்புறம். நர்சம்மா கட்டை விரலால் தோலை இழுத்துப் பிடிக்கிறாள். ஊசி படுத்தவாக்கில் நுழைகிறது. 0.05 மில்லி. தோலில் உளுந்தளவு மேடு எழும்புகிறது. வெளுப்பாக, மயிர்க்கால்கள் தெரிய. பையன் ஒரு நொடி யோசிக்கிறான். பிறகு அலறுகிறான். ஆயா மேட்டைத் தேய்க்கக் கை நீட்டுகிறாள்.

“தேய்க்காத ஆயா.”

கை அந்தரத்தில் நிற்கிறது.

உளுந்தளவு மேடு அரை மணியில் மறையும். ஆறு வாரத்தில் சிவந்து சீழ் கட்டும். உடையும். காயும். தழும்பாகும். டி செல்கள் வந்து கிருமியைச் சுற்றிவளைத்து மடக்கிய அடையாளம் அது. டி செல் இல்லாத குழந்தையில் கிருமி நின்ற இடத்தில் நிற்பதில்லை. அக்குளுக்குப் போகிறது. கல்லீரலுக்குப் போகிறது. எலும்புக்குப் போகிறது.

டி செல் இல்லாத குழந்தை பிறக்கும்போது கொழுகொழுவென்றுதான் இருக்கிறது. சில மாதத்தில் வாயில் வெண்படலம். நிற்காத பேதி. சளி. எடை நிற்கிறது. எக்ஸ்ரேயில் இதயத்தின் மேல் தெரிய வேண்டிய பாய்மர நிழல் இல்லை.

கீழே, சிறுவங்கூர். 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி. ஹிஸ்டாலஜி வகுப்பு. மைக்ராஸ்கோப்புகளின் வரிசை. ஒரு மாணவி ஒற்றைக் கண்ணால் பார்க்கிறாள். கையில் ஒரு முனை ஊதா, ஒரு முனை இளஞ்சிவப்புப் பென்சில். ரெக்கார்டு நோட்டில் தைமஸ் உருவாகிறது. ஓரத்தில் கார்டெக்ஸ். ஊதாப் புள்ளிகளை நெருக்கி நெருக்கி வைக்கிறாள். கை வலித்து உதறுகிறாள். நடுவே மெடுல்லா. புள்ளி குறைவு, சிவப்பு அதிகம். அங்கங்கே வெங்காயத்தைக் குறுக்கே அரிந்த வளையம். ஹசாலின் உருண்டைகள். அம்புக்குறி. பெயர். தேதி.

பக்கத்துப் பெஞ்சுப் பையன் புள்ளி வைப்பதை விட்டுவிட்டான். பென்சிலைச் சாய்த்துத் தேய்க்கிறான். கார்டெக்ஸ் அரை நிமிடத்தில் முடிகிறது.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் வேறொரு வகுப்பின் படம். சதுரம் ஆண். வட்டம் பெண். ஒற்றைக் கோடு கல்யாணம். இரட்டைக் கோடு சொந்தத்தில் கல்யாணம். குறுக்கே கீறிய சதுரம் இறந்த பையன். தமிழ்நாட்டில் நாலு கல்யாணத்தில் ஒன்றுக்கு மேல் இரட்டைக் கோடு என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. மாணவி அந்தப் படத்தில் தன் தாத்தா பாட்டிக்கு நடுவே இரண்டாவது கோட்டை லேசாக இழுத்துப் பார்த்திருக்கிறாள். அழித்த தடம் இருக்கிறது.

ஹூஸ்டன், 1971 செப்டம்பர் 21. டி செல் இல்லாமல் டேவிட் வெட்டர் பிறக்கிறான். சில நொடிகளில் கிருமியற்ற பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் போகிறான். அவனுக்கு முன் பிறந்த அண்ணன் ஏழு மாதத்தில் இறந்தவன். கூடாரத்துச் சுவரில் கருப்புக் கையுறைகள். அம்மா அந்தக் கையுறைக்குள் கைவிட்டுத்தான் அவனைத் தூக்குகிறாள். 1983 அக்டோபரில் அக்காவின் எலும்பு மஜ்ஜையை ஏற்றுகிறார்கள். மஜ்ஜைக்குள் ஒளிந்திருந்த வைரஸ் புற்றாகிறது. 1984 பிப்ரவரி 22. வயது 12. கடைசி நாட்களில் கூடாரத்துக்கு வெளியே வருகிறான். அம்மா கையுறை இல்லாமல் தொடுகிறாள்.

1993-இல் இந்த நோய்க்கான பழுது எக்ஸ் குரோமோசோமில் எங்கே என்று தெரிகிறது. காமாக் கால். இன்டர்லூகின் 2-இன் ஏற்பிக்கு உரியது என்று பெயர் வைத்திருந்த கால். ஒரு கணக்கு இடிக்கிறது. இன்டர்லூகின் 2 இல்லாத எலிக்கு டி செல்கள் இருக்கின்றன. அதன் ஏற்பியில் ஒரு கால் போன பிள்ளைக்கு மட்டும் ஏன் இல்லை? அந்தக் கால் பொதுக் கால் என்று பிறகு தெரிகிறது. 2, 4, 7, 9, 15, 21, ஆறு இன்டர்லூகின்களும் அதன்மேல்தான் நிற்கின்றன. டி செல்லைத் தைமஸில் உயிரோடு வைத்திருந்தது 7.

1995-இல் ஜாக் 3. பத்தொன்பதாம் குரோமோசோம். 1998-இல் ஆல்ஃபாக் கால். ஐந்தாம் குரோமோசோம். ஆல்ஃபா இல்லாத எலியில் டி செல்லும் இல்லை, பி செல்லும் தேறுவதில்லை. ஆல்ஃபா இல்லாத குழந்தையில் பி செல் இருக்கிறது, டி செல் மட்டும் இல்லை. எலி எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை.

பழுது எக்ஸில் இருந்தால் பையன்களுக்கு மட்டும். ஐந்திலும் பத்தொன்பதிலும் இருந்தால் பையன், பெண் பேதம் இல்லை. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று, இரண்டு பழுதுப் பிரதியும் வந்து சேர வேண்டும். இரண்டு பேரும் ஒரே ஆயாவிடமிருந்து வாங்கியிருக்கலாம்.

அமெரிக்காவில் 2008-இல் விஸ்கான்சின் மாநிலம் தொடங்கி வைக்கிறது. பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைத் தாளில் காயவைக்கிறார்கள். டி செல் தைமஸில் ஏற்பியைத் தைக்கும்போது வெட்டிப்போட்ட டிஎன்ஏ வளையங்கள் அதில் இருக்கின்றனவா என்று எண்ணுகிறார்கள். தையற்காரன் கடையில் கீழே கிடக்கும் துணுக்குத் துணியை எண்ணுகிற மாதிரி. துணுக்கு இல்லையென்றால் அங்கே தையலே நடக்கவில்லை. மாற்று மஜ்ஜை மூன்றரை மாதத்துக்குள் ஏறிவிட்டால் பெரும்பாலான பிள்ளைகள் பிழைக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் மஜ்ஜை ஏற்றுவது புதிதல்ல. வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் நடக்கிறது. 2021-இன் அரிய நோய்க் கொள்கையில், டி செல் இல்லாத இந்தப் பிறவி நோயின் பெயர் முதல் பிரிவிலேயே இருக்கிறது.

திண்ணையில் பையனின் குதிகால்கள் சேலைத் துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. சுருக்கம் விழுந்த, இளஞ்சிவப்பான இரண்டு குதிகால்கள். குத்துத் தடம் ஏதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, கள்ளக்குறிச்சி. கறிக்கடை. மரக்கட்டை நடுவில் குழிந்திருக்கிறது. முதலில் தொங்குவது குட்டி. கத்தி கழுத்தைக் கீறுகிறது. மூச்சுக் குழாயின் இரண்டு பக்கமும் வெளுத்த, மெத்தென்ற சதை, நெஞ்சு வரை. கடைக்காரர் அதை வழித்துத் தனியே வைக்கிறார். அடுத்தது கிடா. அதே இடம். கொழுப்பு மட்டும். வழித்து எறிகிறார். வாசலில் நாய் எழுந்து நிற்கிறது.

உடம்பு வளர்ந்த பிறகு தைமஸ் கொழுப்பாகிறது. அதற்குள் படை வெளியேறிவிடுகிறது. பட்டினி வந்தால் வயது பார்க்காமல் வற்றுகிறது.

நர்சம்மா கடிகாரத்தைப் பார்க்கிறாள். ஊசி போட்டபின் அரை மணி நேரம் உட்கார வேண்டும். மூன்று தாய்மாரும் திண்ணையில் சாய்ந்திருக்கிறார்கள். பையன் விசும்பி விசும்பி அடங்குகிறான். அந்தப் பெண் முந்தானையை இழுத்து மறைத்துக்கொண்டு பால் கொடுக்கிறாள். ஆயா மடியிலிருந்து வெற்றிலையை எடுக்கிறாள்.

தாய்ப்பாலிலும் இன்டர்லூகின் 7 இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா நாட்டின் கிராமங்களில் அளந்து 2004-இல் எழுதியிருக்கிறார்கள். அறுவடைக்கு முந்தைய பஞ்ச மாதங்களில் தாயின் பாலில் அது குறைகிறது. அந்த மாதங்களின் குழந்தைகளுக்குத் தைமஸும் சிறிதாக இருக்கிறது.

இந்தக் கல்வராயன் மலையில் சாமை இன்னும் காட்டில் நிற்கிறது. கதிர் பிடிக்கவில்லை.

“என்ன சாப்பிட்ட காலைல?” நர்சம்மா கேட்கிறாள், எழுதிக்கொண்டே.

“டீ.”

உள்ளே, தைமஸில், பிழைத்த செல்லுக்கு இன்னும் ஒரு வாசல். நான்கா, எட்டா. உதவியாளா, கொலையாளியா. அமெரிக்காவில் பெதஸ்டாவின் ஆய்வாளர் ஆல்ஃபிரட் சிங்கர் வரைந்து காட்டும் படத்தில் செல் முதலில் எட்டை அணைத்துவிட்டுக் காது கொடுக்கிறது. தன் ஏற்பியிலிருந்து சிக்னல் நிற்காமல் வந்தால் நான்காகவே நிலைக்கிறது. சிக்னல் அறுந்தால், அந்த மௌனத்தில் இன்டர்லூகின் 7-இன் ஏற்பி மறுபடி தலை நீட்டுகிறது. அதன் சேதி விழுந்ததும் செல் திரும்பி எட்டாகிறது. சொந்த உடம்பைச் சற்று அழுத்தித் தொட்ட சில செல்கள் சாகாமல் தப்புகின்றன. அவற்றுக்கு இன்டர்லூகின் 2 கிடைக்கிறது. மற்றவர்களை அடக்கி வைக்கும் வேலைக்குப் போகின்றன.

குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. நான்கு குடம் காலி. எடுத்துப் போக யாரும் வரவில்லை. எவர்சில்வர் குடத்தின் விளிம்பில் காகம்.

“அடுத்து பிறந்து ஒன்றர மாசத்துல. புதன்கிழம. அட்டைய மறக்காத.”

அந்தப் பெண் அட்டையை மஞ்சள் பையில் வைக்கிறாள். வெளியே எடுத்துப் பார்க்கிறாள். மறுபடி வைக்கிறாள். பையனின் கையில் உளுந்து மேடு இல்லை. ஊசி நுழைந்த புள்ளி மட்டும்.

மதியம் 2.10. நர்சம்மா பழுப்புக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறாள். ஏழு குழந்தைக்கான மருந்து. அதற்குரிய டப்பாவில் போடுகிறாள். ‘டக்’கென்று ஒரு சத்தம்.

கீழே இறங்கும் பஸ். ஆயா தூங்குகிறாள். அவள் தலை பேத்தியின் தோளில். பேத்தி குழந்தையின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்திருக்கிறாள். வளைவில் பஸ் சாயும்போது கை அழுந்துகிறது. நிமிரும்போது தளர்கிறது.

பாறையில் காலையில் பார்த்த பையன். இப்போது உட்கார்ந்திருக்கிறான். செல் காதில் இருக்கிறது. இன்னொரு காதை உள்ளங்கையால் பொத்தியிருக்கிறான்.

“ஹலோ.”

பஸ் ஹாரன் அடிக்கிறது. அவன் எழுந்து, பாறையின் விளிம்புக்கு ஒரு அடி நகர்ந்து நிற்கிறான்.

“ஹலோ. கேக்குதா?”